காசநோய் மாத்திரையும் டாக்ரோலிமஸும்: ஒரே நோயாளியிடம் இரண்டு முறை தவறிய கணக்கு

கல்லீரல் நோய், கல்லீரல் மாற்று சிகிச்சை மருத்துவர்களின் தொடர் கல்விக்கான நிகழ்வு ஆய்வு

இங்கே விவரிக்கப்படும் நோயாளி ஒரே மனிதர் அல்ல. நம் மாநிலத்தில் மாற்று சிகிச்சைக்குப் பிறகு காசநோய் வந்தவர்களிடம் திரும்பத் திரும்பக் காணும் சிக்கல்களைச் சேர்த்து, வகுப்பில் வைத்துப் பேசுவதற்காக அமைத்த நிகழ்வு. எண்கள் அந்தச் சிக்கல்களின் வழக்கமான போக்கைக் காட்டும்படி தரப்பட்டுள்ளன. எந்த மருத்துவமனையையும் இது குறிக்கவில்லை.

பின்னணி

வயது 48, ஆண், எடை 58 கிலோ. கொழுப்புக் கல்லீரலால் வந்த சிரோசிஸ், நீரிழிவு பத்தாண்டுகளாக. மனைவியின் வலது மடலைப் பொருத்தி ஏழு மாதம் ஆகிறது. ஸ்டீராய்டு நான்காம் மாதம் நிறுத்தப்பட்டது. நோயெதிர்ப்பை அடக்க டாக்ரோலிமஸ் காலை 1.5, இரவு 1.5 மி.கி.; மைக்கோபினோலேட் மொஃபெட்டில் 500 மி.கி. இரு வேளை, கோட்ரைமாக்சசோல் தடுப்பு மருந்தாக. டாக்ரோலிமஸ் ட்ரஃப், அதாவது அடுத்த வேளை மாத்திரைக்குச் சற்று முன் எடுத்த அளவு, மி.லி.க்கு 6.4 நானோகிராம். கல்லீரல் அளவுகளான ஏ.எல்.டி. 28, ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் 104, ஜி.ஜி.டி. 46, பிலிரூபின் 0.8; சிறுநீரக அளவான கிரியாட்டினின் 1.1. இதைவிட நல்ல நிலையை ஏழாம் மாதத்தில் எதிர்பார்க்க முடியாது.

மாற்று சிகிச்சைக்கு முந்தைய காகிதங்களில் ஒரு வரி முக்கியம்: நெஞ்சு சி.டி.யில் வலது மேல் மடலில் சிறு நார்த்தழும்பும் சுண்ணாம்புப் புள்ளியும். மறைந்திருக்கும் காசநோயைத் தேடும் ஐ.ஜி.ஆர்.ஏ. இரத்தச் சோதனை எதிர்மறை. அந்த எதிர்மறையை நம்பி மறை காசநோய்க்கான தடுப்பு சிகிச்சை தரப்படவில்லை. முற்றிய சிரோசிசில் நிணச் செல்கள் குறைந்து, தூண்டினாலும் போதுமான இன்டர்ஃபெரான் சுரக்காது. அதனால் இந்தச் சோதனை பொய்யாக எதிர்மறை காட்டுவதும், முடிவு சொல்ல முடியாமல் போவதும் உண்டு. பழைய தழும்பு படத்தில் தெரியும்போது சோதனைத் தாளைவிடப் படத்துக்கே எடை கூட. ஐசோனியாசிட் தடுப்பை மாற்று சிகிச்சைக்கு முன் தொடங்குவதா, கல்லீரல் நிலைபெற்ற பின் தொடங்குவதா என்பதில் மையத்துக்கு மையம் வழக்கம் வேறுபடும். ஆனால் தழும்பைப் பார்த்த பிறகு அந்தக் கேள்வியை எழுப்பாமலே விட்டதற்குக் காரணம் எதுவும் கோப்பில் இல்லை.

நோய் அறிதல்

மூன்று வாரமாக மாலைக் காய்ச்சல், பசியின்மை, நான்கு கிலோ எடைக் குறைவு. ஊரில் முதலில் ஒரு வாரம் லெவோஃப்ளாக்சசின் கொடுத்திருக்கிறார்கள். காய்ச்சல் நான்கு நாள் தணிந்து மறுபடி வந்தது. மாற்று சிகிச்சை செய்துகொண்டவருக்குக் காரணம் தெரியாத காய்ச்சலில் இந்த மருந்தை எடுத்தவுடன் எழுதுவது நல்லதல்ல. காசநோய்க் கிருமியை அது பாதி அடக்கி வைக்கும், வளர்ப்புச் சோதனையில் கிருமி கிடைக்கும் வாய்ப்பைக் குறைக்கும், தனியாகத் தருவதால் எதிர்ப்புக்கும் வழி விடும்.

மாற்று சிகிச்சை மையத்துக்கு வந்தபோது வலப்பக்க நெஞ்சறையில் நடுத்தர அளவில் நீர். புரதம் 4.8 கிராம், நிணச் செல்கள் 88 சதவீதம், காசநோயில் உயரும் நொதியான ஏ.டி.ஏ. 64 யூனிட். நீரில் சி.பி.நாட், அதாவது காசநோய்க் கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் சோதனை, எதிர்மறை. நெஞ்சறை நீரில் கிருமிகள் மிகக் குறைவு என்பதால் அந்த எதிர்மறை காசநோயை விலக்காது. சி.டி.யில் மூச்சுக்குழாய்ப் பிரிவுக்குக் கீழ் நடுப்பகுதி அழுகிய நிணக்கட்டிகள் தெரிந்தன. மூச்சுக்குழாய் வழி அல்ட்ராசவுண்டு கொண்டு ஊசியால் எடுத்த திசுவில் கிரானுலோமா, அதாவது காசநோயில் காணும் செல் திரட்சி. அதே திசுவில் சி.பி.நாட் நேர்மறை, ரிஃபாம்பிசின் எதிர்ப்பு இல்லை. வளர்ப்புக்கும் அனுப்பினார்கள்.

நோயை அறிந்த விதத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. நோயாளியை ஊரில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சீட்டெழுதி அனுப்பியதிலிருந்துதான் கணக்கு பிசகியது. சீட்டில் "காசநோய் உறுதி, சிகிச்சை தொடங்கவும்" என்று மட்டும் இருந்தது.

0 முதல் 16-ஆம் நாள் வரை

நிலையத்தில் நிக்ஷய் என்ற அரசு காசநோய்ப் பதிவேட்டில் பதிவு செய்து, எடை 54 கிலோ என்பதால் 50 முதல் 64 கிலோ வரிசைக்கு உரிய நான்கு கூட்டு மாத்திரைகளைத் தினமும் தந்தார்கள். அது தொடங்கிய நாளே இங்கே 0-ஆம் நாள். ஒரு மாத்திரையில் ஐசோனியாசிட் 75, ரிஃபாம்பிசின் 150, பைரசினமைடு 400, எத்தாம்பியூட்டால் 275 மி.கி.; நான்குக்குச் சேர்த்து 300, 600, 1600, 1100. தேசிய காசநோய்த் திட்டத்தின் விதிப்படி சரியான அளவு. தமிழ்நாட்டில் 2022 முதல் நடக்கும் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தின்படி தொடக்கத்திலேயே கால் வீக்கம், உடல் நிறை, மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, பிடிக்காமல் நிற்க முடிகிறதா ஆகியவற்றைப் பார்த்தார்கள். எல்லாம் நன்றாகவே இருந்தன. இறக்கும் ஆபத்தில் உள்ளவரைப் பிரித்தெடுக்க வந்த சோதனை அது, அந்த வேலையை நன்றாகச் செய்கிறது. நடந்து வந்து, நிமிர்ந்து நின்று, 97 சதவீத ஆக்சிஜனோடு இருப்பவரின் சட்டைப் பையில் டாக்ரோலிமஸ் இருப்பதை அது காட்டாது. அதைச் சொல்ல வேண்டியது மாற்று சிகிச்சை மையத்தின் சீட்டு.

9-ஆம் நாள் அசதி, வாய்க்கசப்பு. "மாத்திரை சூடு" என்று வீட்டில் இளநீரும் மோரும் கொடுத்தார்கள். ஊர்ப் பரிசோதனைக் கூடத்தில் ஏ.எஸ்.டி. 62, ஏ.எல்.டி. 71. மூன்று மடங்கைத் தாண்டவில்லை என்பதால் மாத்திரை தொடர்ந்தது. சாதாரணக் காசநோயாளிக்கு அது சரியான முடிவு. டாக்ரோலிமஸ் அளவு எடுக்கவில்லை. அடுத்த தேதி ஒரு மாதம் தள்ளி இருந்தது.

16-ஆம் நாள் கண் மஞ்சள். ஏ.எஸ்.டி. 188, ஏ.எல்.டி. 246, ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் 310, ஜி.ஜி.டி. 428, பிலிரூபின் 2.6. மருந்தால் வந்த கல்லீரல் பாதிப்பு என்று முடிவு கட்டி நான்கு மருந்துகளையும் அன்றே நிறுத்தினார்கள். டாக்ரோலிமஸ் அளவும் எடுத்தார்கள், ஆனால் முடிவுக்குக் காத்திருக்கவில்லை. மறுநாள் மாலை முடிவு வந்தது: 2-க்கும் கீழே, கருவி அளக்கும் எல்லைக்கு அடியில்.

வகுப்பில் இந்த நிகழ்வை நடத்துபவர்கள் இந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். அடுத்த எண்ணைக் காட்டாமல், இன்று இரவு எந்த மருந்தை நிறுத்துவீர்கள், எதைக் கூட்டுவீர்கள், எந்தச் சோதனையை எழுதுவீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் எழுதி வாங்க வேண்டும். கை தூக்கச் சொன்னால் மூத்தவர் சொல்வதையே மற்றவர்களும் சொல்வார்கள். எழுதி வாங்கினால்தான் உண்மை தெரியும்.

ரிஃபாம்பிசின் என்ன செய்கிறது

டாக்ரோலிமசை வாயில் போட்டால் சராசரியாகக் கால் பங்குதான் இரத்தத்துக்கு வந்து சேர்கிறது. மீதியைக் குடற்சுவரிலும் கல்லீரலிலும் உள்ள சைப் 3ஏ4 நொதி உடைக்கிறது. குடற்சுவரின் பி-கிளைக்கோபுரதம் உள்ளே நுழைந்ததைத் திரும்பக் குடலுக்குள் தள்ளுகிறது. ரிஃபாம்பிசின் இவ்விரண்டின் உற்பத்தியையும் கூட்டுகிறது. புதிய நொதி உருவாக வேண்டும் என்பதால் விளைவு உடனே முழுமையாக வராது. முதல் மூன்று நாளுக்குள் தொடங்கி, ஏறக்குறைய இரண்டு வாரத்தில் உச்சம் தொடும். நிறுத்தினாலும் அப்படியே. ரிஃபாம்பிசின் இரண்டு நாளில் உடலை விட்டுப் போய்விடும், அது உண்டாக்கிய நொதி தேய்ந்து பழைய அளவுக்கு வர இரண்டு வாரமாகும். ஏறும் கடிகாரம் ஒன்று, இறங்கும் கடிகாரம் ஒன்று. இவருக்கு முதலாவதை 0-ஆம் நாள் மறந்தார்கள், இரண்டாவதை 17-ஆம் நாள்.

டாக்ரோலிமஸ் மட்டும் குறைவதில்லை. மைக்கோபினோலேட் குடலுக்கும் கல்லீரலுக்கும் இடையே சுற்றி வரும் பாதையும் ரிஃபாம்பிசினால் கெடுகிறது, அதன் அளவும் இறங்குகிறது. பிரெட்னிசோலோன் எடுப்பவர்களுக்கு அதுவும் வேகமாகக் கழிகிறது. சைக்ளோஸ்போரினுக்கும் எவரோலிமசுக்கும் இதே கதிதான் என்பதால் மருந்தை மாற்றிப் போட்டுத் தப்ப முடியாது. இவர் பத்து நாளுக்கு மேல் பெயரளவில் மட்டும் நோயெதிர்ப்பு அடக்கும் மருந்து சாப்பிட்டார்.

16-ஆம் நாள்: மருந்தின் பாதிப்பா, உடல் புதிய கல்லீரலைத் தாக்கும் நிராகரிப்பா?

ஏ.எல்.டி.யின் மடங்கை ஆல்கலைன் பாஸ்பேட்டேசின் மடங்கால் வகுத்துப் பாருங்கள். மேல் எல்லைகள் 40, 120 என்று கொண்டால் 246-க்கு 6.15 மடங்கு, 310-க்கு 2.58 மடங்கு, விகிதம் 2.4. இது கலப்பு வகை. ஐசோனியாசிடும் பைரசினமைடும் உண்டாக்கும் பாதிப்பு பெரும்பாலும் செல் அழிவு வகை, விகிதம் 5-க்கு மேல் போகும். ஜி.ஜி.டி. ஒன்பது மடங்கு உயர்ந்திருப்பதும் பித்தநாளத்தைச் சுட்டுகிறது. இருந்தாலும் எண்களை வைத்து இரண்டையும் பிரித்துவிடலாம் என்று நினைப்பது ஆபத்து. நிராகரிப்பில் ஏ.எல்.டி. ஆயிரத்தைத் தாண்டுவதும் உண்டு, மருந்துப் பாதிப்பு பித்தத் தேக்க வகையில் வருவதும் உண்டு. விகிதம் சந்தேகத்தைக் கிளப்பலாம், முடிவு சொல்லாது.

அன்றே செய்திருக்க வேண்டியது என்ன? டாக்ரோலிமஸ் ட்ரஃப் எடுத்து, முடிவை அன்றே வாங்குவது. இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் கல்லீரல் தமனி, போர்ட்டல் நாளம், கல்லீரல் சிரை மூன்றையும் பார்ப்பது. வலது மடல் பெற்றவருக்குப் பித்தநாள இணைப்பில் குறுக்கம் அடிக்கடி வருவதால் நாளம் விரிந்திருக்கிறதா என்று கவனிப்பது, சந்தேகம் இருந்தால் பித்தநாளங்களைக் காட்டும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் எடுப்பது. சி.எம்.வி. வைரசுக்கான பி.சி.ஆர்., ஹெபடைட்டிஸ் பி, சி, ஈ சோதனைகள். இரத்தம் உறைவதை அளக்கும் ஐ.என்.ஆர். சரியாக இருந்தால் 48 மணி நேரத்துக்குள் பயாப்சி. இங்கே டாப்ளர் 19-ஆம் நாளும் பயாப்சி 21-ஆம் நாளும் நடந்தன. இடையில் ஏ.எல்.டி. 312-க்கும் பிலிரூபின் 4.1-க்கும் போனது. நான்கு மருந்தும் நின்று நான்கு நாளாகியும் எண்கள் ஏறுவதே மருந்துப் பாதிப்பு மட்டும் காரணமல்ல என்பதற்கு நல்ல அறிகுறி. நிறுத்திய பிறகும் சில நாள் ஏறக்கூடும் என்ற பாடநூல் வரியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

ட்ரஃப் எடுக்கும் முறையைப் பற்றி ஒரு வார்த்தை. இரவு 8 மணிக்கு மாத்திரை என்றால் காலை 8 மணிக்கு, காலை மாத்திரைக்கு முன், ஊதா மூடிக் குழாயில் முழு இரத்தம். "ஐயா, காலை மாத்திரை போட்டுட்டீங்களா?" என்று ஊசி குத்துமுன் கேட்காத இடத்தில் வரும் எண்ணை நம்பக்கூடாது. நோயாளிகள் பலரும் அதிகாலையில் பேருந்து ஏறும்போதே மாத்திரையைப் போட்டுவிடுகிறார்கள். அப்போது 2 என்று இருக்க வேண்டியது 6 என்று வந்து எல்லோரையும் ஏமாற்றும். நோயெதிர்ப்பொருள் முறையில் அளக்கும் கூடமும் நிறை நிறமாலை முறையில் அளக்கும் கூடமும் ஒரே எண்ணைத் தருவதில்லை. ஒரே கூடத்தில் எடுத்தால்தான் போக்கு தெரியும்.

பயாப்சி

போர்ட்டல் பகுதிகளில் நிணச் செல்கள், பெரிதாகிய லிம்ஃபோபிளாஸ்ட்கள், அங்கங்கே இயோசினோஃபில்கள். பித்தநாள எபிதீலியத்தில் அழற்சி, போர்ட்டல் சிரையின் உட்சுவருக்கு அடியில் செல்கள். நிராகரிப்பின் கடுமையை அளக்கும் பான்ஃப் மதிப்பீட்டில் போர்ட்டல் அழற்சி 2, பித்தநாளம் 2, சிரை உட்சுவர் 2. மொத்தம் 9-க்கு 6, நடுத்தர நிராகரிப்பு. மடல்களுக்குள் செல் அழிவு மிகக் குறைவு. இயோசினோஃபிலைப் பார்த்தவுடன் மருந்து ஒவ்வாமை என்று எழுத வேண்டாம். நிராகரிப்பிலும் அவை உண்டு. பிரித்துக் காட்டுவது சிரை உட்சுவர் அழற்சியும் நாளச் சேதமும். கிரானுலோமா இருக்கிறதா என்று தேடி, அமிலம் தாங்கும் கிருமிக்கான நிறமேற்றமும் வளர்ப்பும் கேட்க வேண்டும். காசநோய் கல்லீரலுக்குள்ளேயே இருந்தால் எல்லாக் கணக்கும் மாறும். இவருக்கு இல்லை.

மெத்தில்பிரெட்னிசோலோன் 500 மி.கி. சிரைவழி மூன்று நாள். பிறகு பிரெட்னிசோலோன் 20 மி.கி.யிலிருந்து படிப்படியாகக் குறைப்பு. காசநோய் இன்னும் அடங்காதவருக்கு ஸ்டீராய்டு அடி கொடுப்பது எல்லோரையும் தயங்க வைக்கும். ஆனால் நடுத்தர நிராகரிப்பை விட்டுவிட்டால் கல்லீரலே போகும், பிறகு எந்தக் காசநோய் மருந்தையும் கொடுக்க முடியாது. கொடுக்கத்தான் வேண்டும், அந்த நாட்களில் காசநோய் சிகிச்சை முழுதாக நின்றிருக்கக் கூடாது. இவருக்கு 19-ஆம் நாள் முதல் லெவோஃப்ளாக்சசின் 750 மி.கி., எத்தாம்பியூட்டால் 800 மி.கி. தந்தார்கள். இரண்டும் கல்லீரலை அதிகம் தொடுவதில்லை. இரண்டு மருந்து நீண்ட காலத்துக்குப் போதாது என்பதால் இது பாலம் மட்டுமே. மூன்றாவதாக அமிகாசின் வேண்டாம், டாக்ரோலிமசோடு சேர்ந்து சிறுநீரகத்தை வாட்டும். லினசோலிட் மைக்கோபினோலேட்டோடு சேர்ந்து எலும்பு மஜ்ஜையை அடக்கும். தேவைப்பட்டால் வாரம் ஒருமுறை இரத்த அணு எண்ணிக்கையோடு தரலாம்.

17 முதல் 34-ஆம் நாள் வரை: இரண்டாவது பிசகு

17-ஆம் நாள் மாலை, அளவு 2-க்கும் கீழே என்று தெரிந்ததும் டாக்ரோலிமசை வேளைக்கு 1.5-லிருந்து 4 மி.கி.க்கு உயர்த்தினார்கள். 19-ஆம் நாள் அளவு 3.1. வேளைக்கு 5 மி.கி. ஆக்கினார்கள். 23-ஆம் நாள் 7.2. இலக்கு வந்துவிட்டது என்று நிம்மதி. 26-ஆம் நாள் ஏ.எல்.டி. 120-க்கு இறங்கியதும் வீட்டுக்கு அனுப்பி, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்கள்.

இந்த நிகழ்விலேயே மிகவும் ஏமாற்றும் எண் அந்த 7.2. ரிஃபாம்பிசின் நின்று ஏழு நாள். நொதி பாதி தேய்ந்திருக்கிறது, மீதியும் தேய்ந்துகொண்டிருக்கிறது. பழைய நிலையில் வேளைக்கு 1.5 மி.கி. கொடுத்து 6.4 வந்த மனிதருக்கு இப்போது 5 மி.கி. போய்க்கொண்டிருக்கிறது. நொதி முழுதும் இறங்கியபின் அதே 5 மி.கி. என்ன அளவைத் தரும் என்று எளிய விகிதத்தில் போட்டாலே 21 வருகிறது. 23-ஆம் நாள் கேட்க வேண்டிய கேள்வி "அளவு இலக்கில் இருக்கிறதா" என்பது மட்டுமல்ல. "அளவு எந்தத் திசையில், என்ன வேகத்தில் போகிறது" என்பதும். 3.1-லிருந்து நான்கு நாளில் 7.2 என்பது அளவைக் கூட்டியதால் மட்டும் வந்ததில்லை.

34-ஆம் நாள் கை நடுக்கம், தலைவலி, சிறுநீர் குறைவு. அளவு 20.8, கிரியாட்டினின் 2.4, பொட்டாசியம் 5.9. பொட்டாசியம் ஏறியதில் டாக்ரோலிமசோடு கோட்ரைமாக்சசோலுக்கும் பங்குண்டு, அதை நிறுத்தினார்கள். இ.சி.ஜி. மாறவில்லை. டாக்ரோலிமஸ் மூன்று வேளை நிறுத்தம், பிறகு வேளைக்கு 1.5 மி.கி. 41-ஆம் நாள் அளவு 7.0, கிரியாட்டினின் 1.5.

அந்த வாரத்தில் யாரும் கவனிக்காமல் போக இருந்த ஒன்றை வார்டு மருந்தாளுநர் பிடித்தார். வயது 48, எடை 54, கிரியாட்டினின் 2.4 என்றால் 140-இலிருந்து 48 கழித்து, 54-ஆல் பெருக்கி, 72 மடங்கு 2.4-ஆல் வகுக்க, கழிவுத் திறன் நிமிடத்துக்கு ஏறக்குறைய 29 மி.லி. இந்த அளவுக்கு லெவோஃப்ளாக்சசினும் எத்தாம்பியூட்டாலும் தினமும் கூடாது. வாரம் மூன்று முறை. தினமும் தொடர்ந்திருந்தால் எத்தாம்பியூட்டால் தேங்கிப் பார்வை நரம்பைத் தொட்டிருக்கும். சிறுநீரகம் தேறியபின் தினசரிக்குத் திருப்பினார்கள். வண்ணப் பார்வைச் சோதனை தொடக்கத்தில் ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை. கிரியாட்டினின் வேகமாக ஏறும்போது இந்தச் சூத்திரம் உண்மையைவிடக் கூடுதலான திறனைக் காட்டும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது

இங்கே நிபுணர்கள் இரண்டு பக்கமாகப் பிரிவார்கள், இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. ரிஃபாம்பிசின் சேர்ந்த ரிஃபாமைசின் குடும்பம் இல்லாத சிகிச்சை டாக்ரோலிமசைத் தொந்தரவு செய்யாது. ஆனால் 12 முதல் 18 மாதம் வரை இழுக்க வேண்டும், கிருமியைக் கொல்லும் வேகமும் குறைவு. ரிஃபாம்பிசினோடு கூடிய சிகிச்சை வலிமையானது. ஆனால் டாக்ரோலிமசைப் பொதுவாக மூன்று முதல் ஐந்து மடங்கு, சிலருக்கு அதற்கும் மேல் உயர்த்த வேண்டும், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இரத்தம் எடுக்க வேண்டும். மூளை, முதுகெலும்பு, பரவிய காசநோய் என்றால் ரிஃபாமைசினை விடக்கூடாது. மாவட்டத்தில் இருந்துகொண்டு வாரம் இருமுறை அளவு பார்க்க வழியில்லாதவருக்கு முழு ரிஃபாம்பிசினைக் கையில் கொடுத்தனுப்புவதைவிட அதே குடும்பத்தின் ரிஃபாபியூட்டின் பாதுகாப்பானது என்பதே எங்கள் கருத்து. அதுவும் நொதியைக் கூட்டும், ஆனால் மிகக் குறைவாக.

ரிஃபாபியூட்டினுக்கும் தனிக் கவனங்கள் உண்டு. வெள்ளணுக் குறைவு, அதுவும் மைக்கோபினோலேட் கூட இருக்கையில். கண் சிவந்து வலித்தால் யூவியைட்டிஸ் என்னும் கண்ணின் உள் அழற்சி. ஃப்ளூகோனசோலோ கிளாரித்ரோமைசினோ சேர்த்தால் ரிஃபாபியூட்டினும் ஏறும், டாக்ரோலிமசும் ஏறும். வாய்ப்புண்ணுக்கு என்று எளிதாக எழுதப்படும் ஃப்ளூகோனசோல் இவர்களுக்கு எளிதான மருந்தல்ல. திட்டத்தின் வழக்கமான கூட்டு மாத்திரையில் ரிஃபாபியூட்டின் இல்லை. ஆகவே தனித்தனி மருந்துகளாகத் தர மாவட்ட காசநோய் அலுவலரோடு முன்கூட்டியே பேசி, நிக்ஷய் பதிவிலும் குறிக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த மாதம் மருந்து வாங்கப் போகும்போது பழைய கூட்டு மாத்திரையே கைக்கு வரும், ரிஃபாம்பிசின் மறுபடி உள்ளே போகும்.

இவருக்கு 42-ஆம் நாள், ஏ.எல்.டி. 58 ஆனபின், ரிஃபாபியூட்டின் 300 மி.கி.; 47-ஆம் நாள் ஐசோனியாசிட் 300 மி.கி., கூடவே பைரிடாக்சின். பைரசினமைடைத் திரும்பத் தரவில்லை. நான்கில் கல்லீரலுக்கு மிகக் கடுமையானது அது. யூரிக் அமிலத்தையும் ஏற்றும். மருந்துப் பாதிப்பு இவருக்கு அறவே இல்லை என்று யாராலும் சொல்ல முடியாதபோது, அதை மறுபடி சோதித்துப் பார்ப்பதில் கிடைக்கும் லாபம் சிறிது. மொத்தச் சிகிச்சையை 42-ஆம் நாளிலிருந்து எண்ணி 12 மாதம் என்று வைத்தார்கள். இடையில் பட்ட தடங்கலுக்கும் ஸ்டீராய்டு அடிக்கும் அந்த நீளம் தேவை. ரிஃபாபியூட்டினின் முதல் மூன்று வாரம் டாக்ரோலிமஸ் அளவை வாரம் இருமுறை பார்த்து, வேளைக்கு 2.5 மி.கி.யில் 7-க்கும் 8-க்கும் இடையே நிலைநிறுத்தினார்கள். லெவோஃப்ளாக்சசினைச் சுண்ணாம்பு, இரும்பு மாத்திரைகளோடு சேர்க்காமல் இரண்டு மணி நேர இடைவெளி விடச் சொன்னார்கள். சேர்த்துப் போட்டால் குடலிலேயே கட்டுண்டு வீணாகும்.

ரிஃபாம்பிசினோடுதான் போவது என்று முடிவெடுக்கும் மையத்துக்கு: முதல் மாத்திரைக்கு முன்பே அடிப்படை அளவு, மூன்றாம் நாளில் டாக்ரோலிமசை இரட்டிப்பு, 3, 5, 7, 10, 14 ஆகிய நாட்களில் அளவு, ஒவ்வொன்றுக்கும் அன்றே அளவு மாற்றம். வேளைக்கு அதிக மி.கி. போய்விட்டால் மூன்று வேளையாகப் பிரிக்கலாம். நோயாளி இரண்டு நாள் காசநோய் மாத்திரையை விட்டால், அல்லது கடும் வயிற்றுப்போக்கு வந்தால், உடனே தொலைபேசியில் சொல்ல வேண்டும். வயிற்றுப்போக்கில் டாக்ரோலிமஸ் குறையும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள்; குடற்சுவரின் நொதி பாதிக்கப்படுவதால் அது ஏறும். ரிஃபாம்பிசினை நிறுத்தும் எந்த நாளிலும், முடிந்ததற்காகவோ பாதிப்புக்காகவோ, நிறுத்தும் அன்றே டாக்ரோலிமசை இறக்கும் அட்டவணையும் எழுதப்பட வேண்டும்.

பத்தாம் வாரம்

எல்லாம் சீரானபின் கழுத்தில் புதிதாக ஒரு நிணக்கட்டி, 101 டிகிரிக் காய்ச்சல். பிரெட்னிசோலோன் 20-லிருந்து 5-க்கு இறங்கிய வாரம் அது. சிகிச்சை தோற்றதா, எதிர்ப்புக் கிருமியா என்ற பயம் இயல்பு. ஊசியால் எடுத்த சீழில் சி.பி.நாட் நேர்மறை, எதிர்ப்பு இல்லை. செத்த கிருமியின் மரபுப்பொருளையும் அந்தச் சோதனை காட்டும் என்பதால் அதை வைத்துச் சிகிச்சையை மாற்றவில்லை, வளர்ப்புக்குக் காத்திருந்தார்கள். வளர்ப்பில் எதுவும் வரவில்லை. நோயை அறிந்தபோது மூச்சுக்குழாய் வழி எடுத்த திசுவின் வளர்ப்பும் இதற்குள் வந்திருந்தது, எல்லா மருந்துக்கும் கட்டுப்படும் கிருமி. அடக்கி வைத்த நோயெதிர்ப்பு திரும்பியதால் வந்த அழற்சி இது. ரிஃபாம்பிசினால் ஒருமுறை அடக்கம் கழன்று, ஸ்டீராய்டால் மறுபடி இறுகி, பிறகு தளர்ந்த உடலில் இதை எதிர்பார்த்திருக்கலாம். பிரெட்னிசோலோனை 30-க்கு ஏற்றி ஆறு வாரத்தில் மெதுவாக இறக்கினார்கள். மூன்றாம் வாரத்தில் கட்டி சுருங்கியது. இன்சுலின் தேவை அந்த வாரங்களில் இரட்டிப்பானது.

சீட்டில் இருந்திருக்க வேண்டியவை

0-ஆம் நாள் போன அந்த ஒற்றை வரிச் சீட்டுக்குத் திரும்புவோம். அதில் நான்கு விவரம் இருந்திருந்தால் இவர் பெரும்பாலானதைத் தவிர்த்திருப்பார். ஒன்று, மாற்று சிகிச்சை பெற்றவர் என்பதும் அவர் சாப்பிடும் மருந்தின் பெயரும். இரண்டு, கூட்டு மாத்திரை தர வேண்டாம், இன்ன மருந்து இன்ன அளவு. மூன்று, டாக்ரோலிமஸ் அளவு எடுக்க வேண்டிய தேதிகள், எந்தக் கூடத்தில் என்பதோடு. நான்கு, எந்தக் காரணத்துக்காகவும் காசநோய் மருந்தை நிறுத்தினால் அன்றே அழைக்க வேண்டிய எண். தொடர் கல்வி அமர்வில் கலந்துகொள்வோரைக்கொண்டே இந்தச் சீட்டை எழுத வைக்கலாம். பத்து நிமிடத்தில் முடியும். அமர்வுக்கு மாவட்ட காசநோய் அலுவலர் ஒருவரையும் மருந்தாளுநர் ஒருவரையும் அழைக்க வேண்டும். கல்லீரல் மருத்துவர்கள் மட்டும் கூடிப் பேசினால் அந்தச் சீட்டு யார் கைக்குப் போகிறது என்பதே பேச்சில் வராது.

12-ஆம் மாத முடிவில் நெஞ்சு சி.டி.யில் கட்டிகள் சுருங்கிச் சுண்ணாம்பேறியிருந்தன, கிரியாட்டினின் 1.3, ஏ.எல்.டி. 31. ரிஃபாபியூட்டினை நிறுத்திய நாளன்று டாக்ரோலிமஸ் வேளைக்கு 2.5-லிருந்து 2 மி.கி.; 4-ஆம் நாள் அளவு 7.6, 8-ஆம் நாள் 8.1, வேளைக்கு 1.5 மி.கி. ஆக்கப்பட்டது, 14-ஆம் நாள் 6.6.